காலணியும் கதவும்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்று நம்மவர் சொல்லி வைத்தனர். சொன்னவர் இடுப்பு வரையில் பார்த்தாரோ, முழங்கால் வரையில் பார்த்தாரோ, நாம் அறியோம். அதற்குக் கீழே பார்த்ததாகத் தெரியவில்லை. ஆடை என்னும் சொல்லில் காலணி அடங்குமா என்று புலவர்களைக் கேட்டால் ஒரு மாலைப்பொழுது வாதத்திலேயே கழிந்துவிடும். பெங்களூரில் ஏதேனும் ஒரு கண்ணாடிக் கதவின் முன் நிற்கும் காவலரைக் கேட்டால் ஒரு நொடியில் விடை கிடைக்கும். அவர் நம் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்துவிடுகிறார். இதனை யாம் எம் அறுபத்தெட்டாம் அகவையில், சற்றுக் காலந்தாழ்ந்தே, கற்றுக்கொண்டோம்.

முப்பத்துநான்கு ஆண்டுகள் இம்மாநகரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பணி செய்தோம். அத்தனை ஆண்டுகளும் எம்மைத் தாங்கியவை எளிய தோல் செருப்புகளே. இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளிக்குத் தொழிற்சாலையே இரும்பு முனை வைத்த பூட்சு கொடுத்தது. அதிகாரிகள் தம் செலவில் மெருகேற்றிய காலணி அணிந்து வந்தனர். நடுவில் இருந்த எழுத்தர் கூட்டத்தின் கால்களைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. நீண்ட தாழ்வாரத்தில் யார் வருகிறார் என்பதை யாங்கள் நிமிர்ந்து பாராமலே சொல்லிவிடுவோம். ‘டக், டக்’ என்று சீராக வந்தால் மேலாளர், ‘தொம்’மென்று விழுந்தால் தொழிற்கூடத்தார், ‘சரக், சரக்’ கென்று இழுபட்டால் எம்மைப் போன்றவர் ஒருவர். முதல் ஒலி காதில் விழுந்ததும் மேசைமேல் விரிந்திருந்த நாளிதழ் இழுப்பறைக்குள் போய்விடும். ஆள் வருமுன்னரே அவருடைய அடியோசை வந்து மரியாதையைப் பெற்றுக்கொண்டு செல்லும் இந்த விந்தையை நாள்தோறும் கண்டும், அதைப்பற்றி நின்று எண்ணிப் பார்க்க எமக்கு அப்போது தோன்றவில்லை.

ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் சென்றபின், இலண்டனில் பணிபுரியும் எம் மகன் விடுமுறையில் வந்தபோது ஒரு பெட்டியை எம்முன் வைத்தான். திறந்தால் கறுப்பு நிறத்தில் ஒரு சோடிக் காலணி. கயிறு கட்டி அணிவது, தோலாலான அடித்தட்டு, முகம் பார்க்கலாம் என்னும்படியான மெருகு. விலையைக் கேட்டோம், சிரித்து மழுப்பிவிட்டான். அவன் ஊர் திரும்பியபின் எம் பேத்தி கைப்பேசியில் தேடி விலையைச் சொன்னாள். யாம் பணியில் சேர்ந்த முதல் ஆண்டு முழுவதும் பெற்ற ஊதியத்தைவிட அது மிகுதி. அன்றிரவு எமக்கு உறக்கம் சரியாக வரவில்லை என்பதை ஒளிப்பானேன்?

மறுநாள் அதனை எடுத்துக்கொண்டு அல்சூர்க் கடைவீதிக்கு அருகில், புங்கமரத்தடியில் அமர்ந்து காலணி தைக்கும் பெரியவரிடம் சென்றோம். அவரோடு எமக்கு இருபதாண்டுப் பழக்கம். அறுந்த வாரைத் தைத்துக் கொடுத்துக்கொண்டே அவர் நாட்டு நடப்புப் பேசுவார். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து போகும். அவர் காலணியைக் கையில் வாங்கினார். புரட்டிப் பார்த்தார். விளிம்புத் தையலை நகத்தால் தடவினார். பிறகு, “சார், இது நம்ம ஆம்பூர் வேலை” என்றார்.

இலண்டனில் வாங்கியது என்று யாம் மறுத்தோம். அவர் நாக்கு எனப்படும் உட்பகுதியைத் தூக்கிக் காட்டினார். மிகச் சிறிய எழுத்தில் ‘இந்தியாவில் செய்தது’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. இளமையில் அவர் ஆம்பூரில் ஒரு தொழிற்கூடத்தில் மேல்தோல் தைத்தவர். கண் மங்கியதும் துண்டுக்கணக்கு வேலையில் வேகம் குறைந்தது, வேகம் குறைந்ததும் வேலை போயிற்று, பெங்களூருக்கு வண்டியேறிவிட்டார். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடுவதும் காலணி செய்வதும் ஐரோப்பிய நாடுகளுக்கு அவற்றை அனுப்புவதும் நெடுங்காலமாக நடைபெற்று வரும் தொழில்கள். நாம் சென்னைக்கு இரயிலில் போகும்போது இவ்வழியாகத்தான் போகிறோம். ஆம்பூரில் வண்டி நின்றால் பிரியாணிப் பொட்டலத்தைத் தேடுகிறோமேயன்றிக் காலணியைத் தேடுவதில்லை. சில மணி நேரப் பயணத் தொலைவில் பிறந்த பொருள், கடல் கடந்து சென்று, அங்கே ஒரு பெயர் சூட்டப்பெற்று, பன்மடங்கு விலையோடு எம் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. தைத்தவர் கண்டால் அடையாளம் தெரிந்துகொள்கிறார். அணிந்தவர்க்குத் தெரியவில்லை.

இனி எம் அனுபவத்துக்கு வருவோம். முதல் வாரத்தில் அக்காலணியோடு கமர்சியல் தெருவில் ஒரு துணிக்கடைக்குப் போனோம். வழக்கமாக எம் துணைவியார், “விலை குறைந்ததாக எடுத்துப் போடுங்கள்” என்று இருமுறை சொன்ன பிறகே சேலைகள் விரியும். அன்று நாற்காலி வந்தது, தண்ணீர் வந்தது, கேளாமலே பட்டு வந்தது. நன்மை மட்டுமே விளைந்தது என்று எண்ணிவிடவேண்டா. திரும்பும்போது ஆட்டோ ஓட்டுநர் மீட்டருக்கு மேல் ஐம்பது ரூபாய் கேட்டார். செருப்போடு சென்ற நாள்களில் இருபதோடு நிறுத்திக்கொள்பவர்கள் இவர்கள். இருபது ஆண்டுகளாக எம்மை ‘அண்ணா’ என்று அழைத்துக் கறிவேப்பிலையை இலவசமாகப் போட்ட காய்கறிக்கார அம்மையார், எம் காலைப் பார்த்துவிட்டு ‘சார்’ என்றார். கறிவேப்பிலை நின்றுவிட்டது. ஓர் உறவு போய் ஒரு மரியாதை வந்தது. கொடுக்கல் வாங்கலில் எமக்கு இழப்பே என்பது எம் துணைவியாரின் கணக்கு.

அவரே இன்னொன்றும் சொன்னார். “அதைப் போட்டுக்கிட்டா உங்க குரலே வேற மாதிரி ஆயிடுது. என்கிட்டகூட மேனேஜர் மாதிரி பேசறீங்க.” யாம் மறுத்தோம். மறுத்த குரலே மேலாளர் குரலாக இருந்தது. ஆகவே மற்றவர் மாறினரா, யாம் மாறினோமா, எம் மாற்றத்தைக் கண்டு அவர்கள் மாறினரா என்பதைப் பிரித்தறிதல் எளிதன்று. தோல் அடித்தட்டு கல்தரையில் எழுப்பும் ஒலி முதுகெலும்பை நிமிர்த்திவிடுகிறது. நிமிர்ந்தவனுக்கு வழிவிடுவது உலகியல்பு.

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலார் சிலர் 2012-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியிட்டனர். காலணிகளின் படங்களை மட்டும் காட்டி, அவற்றுக்கு உரியவர் எத்தகையவர் என்று பிறரைக் கணிக்கச் செய்தனர். அகவையையும் வருவாயையும் ஓரளவு சரியாகவே கணித்தனராம். குணங்களைக் கணிக்கப் புகுந்தபோதோ பெரும்பாலும் வழுக்கி விழுந்தனர். இந்த உண்மைக்கு அமெரிக்கா வரை போவானேன் என்று எம் மரத்தடிப் பெரியவர் கேட்கக்கூடும். குதியின் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, இவர் சுமை தூக்குபவர், இவர் இடக்காலில் அடிபட்டவர், இவர் வண்டியை உதைத்துக் கிளப்புபவர் என்று அவர் சொல்லுவார். அவர் பார்ப்பது அடித்தட்டை. உலகம் பார்ப்பது மேல்தோலை. அடித்தட்டு ஒருவன் நடந்த வழியைச் சொல்கிறது. மேல்தோல் அவனை எங்கே நிறுத்தலாம் என்பதைச் சொல்கிறது.

இந்த ‘எங்கே நிறுத்தலாம்’ என்னும் கேள்விக்கு நம் நாட்டில் நெடிய வரலாறு உண்டு. வெள்ளையர் ஆட்சியில் அதற்குக் ‘காலணி மரியாதை’ என்றே பெயர். வெள்ளை அதிகாரியின் முன் வரும் இந்தியர் காலணியைக் கழற்ற வேண்டும் என்பது வழக்காக இருந்தது. 1854-இல் கவர்னர் ஜெனரலின் ஆணை ஒன்று, ஐரோப்பிய முறையிலான பூட்சும் காலணியும் அணிந்தோர் அவற்றோடே அரசு நிகழ்ச்சிகளுக்கு வரலாம் என்று சலுகை அளித்தது. நாட்டுச் செருப்பு அணிந்தோர் பழையபடி கழற்றிவிட்டே வரவேண்டும். தோலில் வேறுபாடு இல்லை, தையலில்தான் வேறுபாடு! சூரத்து நகரில் 1862-ஆம் ஆண்டு, மானக்சி கவாசுசி எண்டி என்னும் பார்சிக் கனவான் நீதிமன்றத்தில் காலணியைக் கழற்ற மறுத்தார். வீட்டிலும் வழிபாட்டிடத்திலும் நாம் கழற்றுவது நம் வழக்கம். நீதிமன்றம் இரண்டும் அன்று என்பது அவர் வாதம். எத்துணைக் கூர்மையான வாதம்! ஆயினும் காலணி நீதிமன்றப் படியேறப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின.

கல்கத்தாவில் 1874-இல் நடந்ததோ இன்னும் சுவையானது. ஈசுவர சந்திர வித்தியாசாகர் என்னும் பேரறிஞர், ஆசியக் கழகமும் அருங்காட்சியகமும் இருந்த கட்டடத்துக்குச் சென்றார். வேட்டியும் சால்வையும் நாட்டுச் செருப்பும் அவர் கோலம். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுமாறு வாயிலோன் சொன்னான். அதே வேளையில் ஆங்கிலக் காலணி அணிந்தவர்கள் தடையின்றி உள்ளே போய்க்கொண்டிருந்தனர். வித்தியாசாகர் திரும்பிவிட்டார், பின் அவ்வமைப்பினர்க்குக் கடிதம் எழுதிக் காரணம் கேட்டார். ‘கல்விக்கடல்’ என்று பொருள்படும் பட்டம் பெற்றவரை ஒரு சோடிச் செருப்பு வாசலிலேயே நிறுத்திவிட்டது. அவரைப் பின்னாளில் போற்றியவர்கள் பலர். அன்று அந்தக் கதவருகே அவர் பக்கம் நின்றவர் எத்தனை பேர் என்பதே எம் மனத்தில் எழும் கேள்வி.

வெள்ளையனை மட்டும் குறைகூறி அமைதி கொள்ள எமக்கு உரிமை இல்லை. எம் தந்தையார் வட ஆர்க்காட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தவர். சந்தைக்குப் போகும் வழியில் ஒரு தெரு உண்டு. அத்தெரு தொடங்கும் இடத்தில் ஒரு வேப்பமரம். அங்கே வந்ததும் அவர் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். தெரு முடியும் இடத்தில் ஒரு கிணறு. அங்கே வந்ததும் கீழே போட்டு மாட்டிக்கொள்வார். சித்திரை வெயிலில் ஒருநாள், “ஏம்பா கையில எடுத்துக்கிறே?” என்று யாம் கேட்டோம். “மண்ணு குளிர்ச்சியா இருக்குடா” என்றார். எமக்கு அப்போது ஏழு அகவை. நம்பினோம்.

இது பழங்கதை என்று எண்ணும் அன்பர்கள், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் உள்ள ராஜாவூரை நினைக்க வேண்டும். அங்கே ஆதிக்கச் சாதியார் வாழும் ஒரு தெருவில் பட்டியலினத்து மக்கள் காலில் செருப்போடு நடக்க முடியாதிருந்தது. 2023-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் ஏறத்தாழ அறுபது பேர் ஒன்றுசேர்ந்து, செருப்பணிந்த காலோடு அத்தெருவில் நடந்தனர். நடந்தது செய்தியாயிற்று. தெருவில் நடப்பது செய்தியாகும் நாட்டில், ‘நல்ல காலணி அணிந்தால் மதிப்பார்களா?’ என்று கேட்பதற்கு முன், ‘காலணி அணிய விடுவார்களா?’ என்று கேட்கவேண்டியிருக்கிறது.

நாம் வாழும் கன்னட நாட்டுக்கும் இக்கேள்வி புதிதன்று. அதன் உயர்ந்த கதைகளுள் ஒன்று ஒரு சோடிச் செருப்பைப் பற்றியதே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாண நகரில் வாழ்ந்த ஹரளய்யா செருப்புத் தைப்பவர். அவர் ஒருநாள் பசவண்ணரைக் கண்டு ‘சரணு’ என்று வணங்கினார். பசவண்ணரோ ‘சரணு சரணார்த்தி’ என்று மறுவணக்கத்தை இரட்டிப்பாக்கித் தந்தார். தமக்குரியதைவிட ஒரு வணக்கம் மிகுதியாகப் பெற்றுவிட்டோமே, அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்று கலங்கிய ஹரளய்யா, தம் தொடைத் தோலையும் தம் மனைவியார் தொடைத் தோலையும் எடுத்துச் செருப்புத் தைத்துக் கொடுத்தார் என்றும், பசவண்ணர் அவற்றைக் காலில் அணிய மறுத்துத் தலைமேல் தாங்கினார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். பின்னர் ஹரளய்யாவின் மகனுக்கும் அந்தணராய்ப் பிறந்த மதுவரசரின் மகளுக்கும் மணம் நடந்ததும், அதனால் பிச்சளன் சினம் மூண்டு இரு தந்தையரும் கொல்லப்பட்டதும் அம்மரபு சொல்லும் மறுபாதி. செருப்பைத் தலைமேல் வைத்தது வரையில் ஊர் பொறுத்தது. செருப்புத் தைத்தவரைச் சம்பந்தி ஆக்கியபோது பொறுக்கவில்லை.

அந்தக் கன்னட நாட்டின் தலைநகராகிய இப்பெங்களூரில், 2024 பிப்ரவரியில் இராஜாஜிநகர் மெட்ரோ நிலையத்தில் உழவர் ஒருவர் தலையில் துணிமூட்டையோடு வந்தார். கையில் பயணச்சீட்டு இருந்தது. உடை அழுக்காக இருக்கிறதென்று சோதனையிடத்தில் நிறுத்திவிட்டனர். உடன் வந்த பயணியர் சிலர், “எந்த விதியில் இருக்கிறது?” என்று கேட்டு வாதாடி அவரை உள்ளே அழைத்துச் சென்றனர். காட்சி நாடெங்கும் பரவவே, காவல் மேற்பார்வையாளர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு சூலையில் மாகடி சாலையில் உள்ள வணிக வளாகம் ஒன்றில், மகனோடு திரைப்படம் பார்க்க வந்த முதியவரை வேட்டி கட்டியிருந்த காரணத்தால் தடுத்தனர். சட்டமன்றத்திலும் பேச்சு எழுந்து, ஏழு நாள் அவ்வளாகத்தை மூடுமாறு அரசு பணித்தது. சென்னையிலும் 2014-இல் வேட்டி அணிந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே கிரிக்கெட் மன்றம் ஒன்று நூல் வெளியீட்டு விழாவுக்குள் விடாமல் திருப்பியனுப்பியதும், அதே ஆண்டில் அத்தகைய தடையை நீக்கத் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றியதும் நினைவிருக்கும். நீதிபதியைத் தடுத்தால் சட்டம் பிறக்கிறது. உழவரைத் தடுத்தால் காவலர் வேலை இழக்கிறார். அக்காவலரும் மாதக்கூலிக்கு நிற்பவரே. அவர் காலில் இருக்கும் பூட்சு அவருடையதன்று, நிறுவனத்துடையது என்பதையும் நாம் நினைக்கவேண்டும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் கேட்டுவிடுவோம். “ஐயா, இக்காலத்தில் பெருஞ்செல்வர்கள்தாம் இரப்பர்ச் செருப்போடு திரிகிறார்கள், கணினித் துறையில் காலணியை யார் பார்க்கிறார்கள்?” என்று எம் மகன் கேட்டான். உண்மைதான். இன்போசிஸ் நிறுவனம் தன் ஊழியர்க்கு வகுத்திருந்த கண்டிப்பான உடைமுறையை 2015-இல் தளர்த்திக்கொண்டது. மிலான் நகரின் விலையுயர்ந்த கடைகளில் பணிபுரிவோரைக் கொண்டு செய்து 2014-இல் வெளியான ஆய்வொன்றில், விலங்கின் மென்மயிர் மேலங்கி அணிந்து வருபவளைவிட உடற்பயிற்சி உடையில் வருபவளையே அவர்கள் மிகுதியாக வாங்கக்கூடியவள் என்று மதித்தது தெரியவந்தது. எளிமையும் ஒருவகை அணிகலன் ஆகிவிட்டது. ஆனால் அந்த அணிகலன் யாருக்குப் பொருந்தும்? வாயிலில் வந்து நிற்கும் காரும், கையில் உள்ள கைப்பேசியும், நாவில் உள்ள ஆங்கிலமும் முன்னரே கதவைத் திறந்து வைத்திருப்பவனுக்குத்தான் இரப்பர்ச் செருப்பு பெருமை தரும். அப்போதும் எல்லாக் கதவுக்கும் அது செல்லாது. வெறுங்காலோடு உலகம் சுற்றிய ஓவியர் உசேனை 1988-இல் பம்பாயின் வில்லிங்டன் மன்றம் உள்ளே விட மறுத்தது. அவருடைய ஓவியம் சுவரில் தொங்கலாம், அவர் கால் தரையில் படக்கூடாது போலும்.

இத்தகைய மன்றங்கள் நம் ஊரிலும் உண்டு. 1868-இல் தோன்றிய பெங்களூர் மன்றத்தில், இங்கே படைப்பிரிவில் இருந்த இளம் சர்ச்சில் செலுத்தாமல் விட்ட பதின்மூன்று ரூபாய், 1899-இல் வாராக் கடன் என்று எழுதப்பட்டதை இன்றும் பெருமையோடு காட்டுகிறார்கள். குதிரைப்படை அதிகாரியின் பூட்சு எப்படிப் பளபளத்திருக்கும் என்று சொல்லவேண்டா. எம் பெரியவர் மரத்தடியில் கடன் சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி வேறு கருத்துடையவர். பளபளப்பு மிகுந்தவர்களே மறுநாள் என்று சொல்கிறார்களாம்.

இவ்வளவும் எண்ணிப் பார்த்தபின் எமக்கு ஒன்று புலப்பட்டது. நல்ல காலணி மதிப்பைப் பெற்றுத் தருவதில்லை. விசாரணையிலிருந்து விலக்குப் பெற்றுத் தருகிறது. அணிந்திருப்பவனை, “யார் நீ? எங்கே வந்தாய்?” என்று எவரும் கேட்பதில்லை, அவ்வளவே. அவ்வளவே என்று சொல்லிவிட்டோம். அக்கேள்விக்கு நாள்தோறும் விடை சொல்பவர்க்கு அது எவ்வளவு என்பதைச் சென்ற ஆடியில்தான் அறிந்தோம்.

எம் பெரியவர்க்கு ஒரு வங்கியில் கணக்கு இருக்கிறது. முதியோர் உதவித்தொகை அதில் வரவு வைக்கப்படும். நான்கு திங்களாக வரவில்லை. மூன்று முறை போய்க் கேட்டிருக்கிறார். ஒருமுறை “நாளைக்கு வா”, ஒருமுறை “ஆதார் சரியில்லை”, மூன்றாம் முறை வாசற்படியிலேயே, “இப்போது கூட்டம், பிறகு வா.” எம்மைத் துணைக்கு வரமுடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். “நாளைக் காலை பத்து மணிக்கு” என்றோம். பிறகு அவர், எம் காலணியைக் கொண்டுவரச் சொன்னார். அன்று மாலை அரைமணி நேரம் செலவிட்டு அதற்கு மெருகேற்றினார். கூலி வாங்க மறுத்தார். “நாளைக்கு இதுதான் சார் பேசணும்” என்று சிரித்தார்.

அது பேசியது. காவலர் எம்மைக் கண்டதும் கதவைத் திறந்து பிடித்தார். யாம் நுழைந்தோம். பின்னால், “ஏய், எங்கே போறே?” என்று கன்னடத்தில் ஒரு குரல் கேட்டது. திரும்பி, “அவர் என்னோடு வந்தவர்” என்றோம். உடனே வழி விட்டார். மேலாளர் அறையில் எமக்கு நாற்காலி காட்டப்பட்டது, அமர்ந்தோம். கணக்குப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் எடுத்து வைத்து, எம் பழைய கணக்குப் பிரிவு அனுபவத்தையெல்லாம் திரட்டிப் பேசினோம். ஆதார் எண்ணை ஒரு கணினியில் இணைக்கத் தவறியிருந்தார்கள், அவ்வளவே குறை. பதினைந்து மணித்துளியில் வேலை முடிந்தது. மேலாளர் எம்மோடு கைகுலுக்கினார். வெற்றிப் பெருமிதத்தோடு எழுந்து திரும்பியபோதுதான் பார்த்தோம்: எம் நாற்காலிக்குப் பின்னால், சுவரோரமாக, கைகட்டியபடி பெரியவர் நின்றுகொண்டிருந்தார். பதினைந்து மணித்துளியும் நின்றிருக்கிறார். கணக்கு அவருடையது, பணம் அவருடையது, எம்மைவிட ஆறேழு ஆண்டு மூத்தவர். மேலாளர் எமக்கு அருகிலிருந்த இரண்டாம் நாற்காலியில் எம் பையை வைத்திருந்தோம்.

‘அவர் என்னோடு வந்தவர்’ என்றோம் அல்லவா? எண்ணிப் பார்த்தால் யாம்தான் அவரோடு சென்றவர். அந்தச் சொல்லை மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

வெளியே வந்தோம். காவலர் மீண்டும் கதவைப் பிடித்தார். பெரியவர் எம் பின்னால் வராமல் படியின் ஓரத்தில் குனிந்தார். அங்கே, பூந்தொட்டிக்குப் பின்னால், சுவரோடு ஒட்டினாற்போல் ஒரு சோடிச் செருப்பு இருந்தது. ஊருக்கெல்லாம் தைப்பவர் தம்முடையதை வெள்ளை நூலால் அவசரத்தில் இழுத்துத் தைத்திருந்தார். கழற்றிவிட்டு உள்ளே போ என்று எவரும் அவரிடம் சொல்லவில்லை. அப்படி ஒரு பலகையும் அங்கே இல்லை. உள்ளே நுழையும்போது அவர் குனிந்ததை யாம் கவனிக்கவும் இல்லை. எமக்கு வேப்பமரமும் கிணறும் நினைவுக்கு வந்தன.

சாலையைக் கடக்கும் வரையில் பேசவில்லை. பிறகு, “பெரியவரே, இனிமேல் பேங்குக்குப் போனால் செருப்பைக் கழற்றாதீங்க. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க” என்றோம்.

அவர் எம் காலைப் பார்த்தார்; வழியில் சேறு தெறித்து வலக்காலணியின் முனை மங்கியிருந்தது. தோளில் கிடந்த துணியை எடுத்தவாறே கேட்டார்: “உங்களோட போறப்பவா சார், தனியாப் போறப்பவா?”